பரண்மேல் கிடக்கும் கணினி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில் கணினி பழுது பார்த்து வரும் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் மலருக்கென எழுதித் தந்துள்ளார்.)



நான் இந்தப் பள்ளியில் ஆறாண்டு படித்தவன். படிப்புக்காகப் பரிசு வாங்கியதில்லை. ஒரே ஒரு வருடம் 'நாள் தவறாமல் வந்தவன்' என்று ஓர் எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். காய்ச்சலோடு வந்து சம்பாதித்த டம்ளர் அது. இன்றைக்கும் அதில்தான் காப்பி குடிக்கிறேன். ஆகவே பரிசு வாங்காத பிள்ளைகள் யாரும் முகம் வாட வேண்டாம். வாங்கப் போகிற பிள்ளைகள், இந்தத் தாத்தா எப்போது பேசி முடிப்பார் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். சுருக்கமாகத்தான் பேசுவேன்.

தலைமையாசிரியர் என்னை அழைத்தபோது, 'கல்வியின் சிறப்பு' என்று பேசுங்கள் என்றார். ஐயா, அதைப் பேச இங்கே கற்றவர்கள் இருக்கிறார்கள். 1984-இல் ஜொகூர்ப் பாலம் தாண்டிப் போன நாளிலிருந்து நான் கையில் பிடித்தது திருப்புளி. எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சரி என்றார். சொன்ன கையோடு நேற்று மாலை பள்ளிச் சாமான் அறையைத் திறந்து காட்டினார். ஓட்டப் பந்தயக் கொடிகளுக்குப் பின்னால் ஆறு கணினிகள், துணி போர்த்தி வரிசையாக. ஏதோ அலுவலகம் கழித்துக் கட்டியவை. "போட்டால் வேலை செய்யவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்து வீட்டுத் திண்ணை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

"மாமா, பிள்ளை அடுத்த வருஷம் படிவம் ஒண்ணுக்குப் போவுது. டவுன் கடையில கம்பியூட்டர் தவணைக்குத் தர்றாங்களாம். இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி. முப்பத்தாறு மாசம். நாளைக்குக் கையெழுத்துப் போடலாமான்னு பாக்கிறேன்."

"வீட்டுல பழசு ஒண்ணு இருக்குன்னு யாரோ சொன்னாங்களேப்பா?"

"அது பரண்மேல கிடக்குது மாமா. அதைத் தட்டிட்டுப் பெரட்டுக்குப் போயிட்டு வந்து பார்த்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்."

முப்பத்தாறு மாதம் என்றால் மூன்று தீபாவளி. அந்த மூன்று தீபாவளியையும் அடகு வைக்கப் போகிறவரை என்னவென்று சொல்ல? "கையெழுத்தை அப்புறம் போடு. இன்றைக்கு அந்தப் பெட்டியை இறக்கு" என்றேன். அந்தப் பெட்டியின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய கணினி மெதுவாக ஓடுகிறது என்றால் அது கிழடாகிவிட்டது என்று பொருளல்ல. மாட்டுக்கு வயதாகலாம், மின் சில்லுக்கு அப்படி ஆவதில்லை. பத்து வருடத்துக்கு முன் ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ அத்தனையை இன்றும் போடும். நாம் ஏற்றுகிற சுமைதான் கூடிவிட்டது. கணினிக்குள் எல்லாவற்றையும் மேய்க்கும் மூலப் பொருள் ஒன்று உண்டு, இயங்குதளம் என்பார்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐப் பழைய கணினிகள் பலவற்றில் முறைப்படி ஏற்ற முடியாது. ஏறக்குறைய 2018-க்கு முன் வந்த சில்லுகளை அது ஏற்பதில்லை. அதனால்தான் அலுவலகங்கள் நல்ல பெட்டிகளைக் கூட வெளியே தள்ளுகின்றன. நம் சாமான் அறைக்கு ஆறு கணினி வந்த வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிகளுக்கு இன்னொரு மூலப் பொருள் இருக்கிறது. அதன் பெயர் லினக்ஸ். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-இல் தன் வீட்டுக் கணினிக்காக எழுதத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பார்க்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள மென்பொருள்களை எழுதும் பணியை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்தன. உலகமெங்கும் ஆட்கள் கைகொடுத்தார்கள். இன்று அது யாருடைய தனிச் சொத்தும் அல்ல.

இதை நம் ஆட்களுக்கு விளக்குவது எளிது. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினார்கள். என் அப்பாவும் போட்டார். லினக்ஸும் அப்படிப் பலர் கூடிச் செய்த சொத்துதான். ஒரு வேறுபாடு: அங்கே பங்கு போட்டவருக்குத்தான் பங்கு, இங்கே ஒரு காசு போடாதவருக்கும் முழு உரிமை. 'இலவசம் என்றால் மட்டமாக இருக்குமோ' என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளம் லினக்ஸ்தான். உலகின் மிக வேகமான 500 கணினிகள் என்று ஒரு பட்டியல் வருகிறதே, 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் ஓடுவது லினக்ஸில்தான்.

நான் இதை எங்கே பிடித்தேன் என்று கேட்டால், சுங்கை ரோட்டுச் சந்தையில். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகிற தூரம். 'திருட்டுச் சந்தை' என்று பெயர். நான் வாங்கியவரையில் திருட்டுப் பொருள் எதுவும் இல்லை, ஓடாத பொருள்தான் நிறைய. பழைய கடிகாரம், பழைய செருப்பு, பழைய கணினி எல்லாம் தரையில் விரித்துக் கிடக்கும். 2017 ஜூலை 10-ஆம் தேதி அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள். அன்று மாலை போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். சந்தையில் ஐந்து வெள்ளிக்கும் பத்து வெள்ளிக்கும் பெட்டி வாங்குவேன், உதிரி உறுப்புக்குச் சிம் லிம் டவருக்கோ சிம் லிம் ஸ்குவேருக்கோ நடப்பேன், ஒன்றைப் பிரித்து இன்னொன்றில் மாட்டுவேன். உடம்பு ஓடும், உயிர் கொடுக்க விண்டோஸ் வாங்கப் போனால் அதன் விலை பெட்டியின் விலையைப் போலப் பல மடங்கு. அப்போதுதான் கணினிப் புத்தகம் ஒன்றோடு ஒட்டி வந்த லினக்ஸ் குறுந்தட்டு கைக்கு வந்தது.

மெதுவான இணையம் என்று நீங்கள் இன்று வருத்தப்படுகிறீர்களே, அன்றைய கதையைக் கேளுங்கள். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம். ஒரு குறுந்தட்டு அளவு, அதாவது 650 எம்பி, இறக்க வேண்டுமென்றால் கணக்குப்படியே இருபத்தாறு மணி நேரம். நடுவில் வீட்டுக்கு யாராவது போன் போட்டால் அதுவும் போச்சு! 2005 முதல் 2011 வரை உபுண்டு நிறுவனத்தார் கேட்டவர்களுக்கெல்லாம் லினக்ஸ் குறுந்தட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். எனக்கும் ஒரு கட்டு வந்தது. தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் தெரிந்தவர் கையிலெல்லாம் திணித்தேன். எத்தனை தட்டு கணினிக்குள் போனது, எத்தனை தட்டு காக்காய் விரட்டக் கயிற்றில் தொங்கியது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

தமிழும் கணினியும் என்று வருகையில் அந்த வட்டாரத்துப் பெரியவர் ஒருவரைச் சொல்லாமல் போனால் நான் நன்றி கெட்டவன். எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் இணையத்தில் ஏற்றினார்கள். அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அதில் தமிழும் தமிழெழுத்திலேயே ஏறியது என்றால், தேசியப் பல்கலைக்கழகத்து டாக்டர் டான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து இவர் பாடுபட்டதுதான் காரணம். 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்ததற்கும் இவர் பெரும் துணை. 1999-இல் காலமானார். அதே 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்ற விசைப்பலகை வந்தது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. இன்று லினக்ஸ் ஏற்றிய எந்தப் பெட்டியிலும் விசைப்பலகை அமைப்பைத் திறந்து தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். காசும் வேண்டாம், இணையமும் வேண்டாம், தமிழில் அடிக்கலாம்.

இனி ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். என் குற்றம். வழிமுறைகளைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வழிமுறையில் முதல் படி இதிலிருந்து வந்தது.

தேக்காவில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர். கணவர் இறந்து இரண்டு வருடம். பேரனுக்குப் பாடம் படிக்க வேண்டும் என்று வீட்டிலிருந்த கணினியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டு வந்தார். "அக்கா, உள்ள முக்கியமானது ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தம்பி, எல்லாம் பழசு" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். லினக்ஸ் ஏற்றும்போது ஓரிடத்தில், 'வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவவா?' என்று ஒரு கேள்வி வரும். காலையில் மூன்று பெட்டிக்கு 'ஆம்' அழுத்திய விரல், நாலாவதற்கும் அழுத்தியது. மாலையில் பெட்டி கிண்ணென்று ஓடியது. அக்காவுக்குச் சந்தோஷம். நான் கூலியும் வாங்கவில்லை. பெரிய மனிதனாட்டம் நின்றேன்.

மறுநாள் வந்தார். "தம்பி, அவரோட படமெல்லாம் எந்தப் பக்கம்பா இருக்கு? பையனுக்கு எடுக்கத் தெரியல."

கணவரோடு ஊருக்குப் போனது, மகள் கல்யாணம், அவர் படுக்கையில் இருந்த கடைசிப் பிறந்தநாள் எல்லாம் அதில்தான் இருந்தன. அவருக்கு 'முக்கியமானது' என்றால் அலுவலகக் காகிதம் என்று நினைப்பு. கேட்ட எனக்கும் அதுதான் நினைப்பு. அழிந்ததை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. மூன்று இரவு உட்கார்ந்து தேடினேன். புது இயங்குதளம் ஏறிய இடத்தில் பழையது போனது போனதுதான். பாதி முகமும் சாம்பல் நிறக் கட்டமுமாகச் சில படங்கள் வந்தன. அதில் முழுதாக வந்த படம் ஒன்றே ஒன்று. அதிலும் அவர் திரும்பி நிற்கிறார், முதுகுதான் தெரிகிறது. அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். "பரவால்ல தம்பி, சட்டை அவரோடதுதான்" என்று சொல்லிவிட்டு மடியில் வைத்துக்கொண்டு பூக்கட்ட ஆரம்பித்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் கூட ஆறியிருக்கும்.

அன்று முதல் 'முக்கியமானது இருக்கிறதா' என்று நான் யாரையும் கேட்பதில்லை. பெட்டியைத் திறந்து அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, படங்கள் இருக்கும் இடம், கடிதங்கள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் காட்டி, வெளியே ஒரு தம்டிரைவிலோ தனி வட்டிலோ எடுத்து, எடுத்ததை இன்னொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் கை வைப்பேன். பிள்ளைகளே, இதுதான் முதல் படி. மற்றதெல்லாம் தவறினால் திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த முடியாது.

அடுத்தது, பெட்டியின் நினைவகம் எவ்வளவு என்று பாருங்கள். நாலு ஜிபி இருந்தால் 'லினக்ஸ் மின்ட்' என்னும் வகையில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். திரையின் அமைப்பு பழைய விண்டோஸ் மாதிரியே இருப்பதால் அம்மாவுக்கும் பயம் வராது. இரண்டு ஜிபிதான் என்றால் 'லுபுண்டு'. ஒரு ஜிபி, அதற்கும் கீழே என்றால் 'ஆன்டிஎக்ஸ்', 'பப்பி' போன்ற சின்னவை இருக்கின்றன. ஆனால் அத்தனை சிறிய பெட்டியில் பிள்ளை படிக்க வேண்டுமென்றால் பொறுமை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் பழையது, 32 பிட் சில்லு என்றால் வழி சுருங்கி வருகிறது. பழையவர்களைக் கைவிடாது என்று பெயர் வாங்கிய டெபியனே, 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் கணினியில் புதிதாக நிறுவுவதற்கு வழி வைக்கவில்லை.

இப்போது இணையத்துக்கு வருகிறேன். இங்கே தோட்டத்தில் அலை வருவதும் போவதும் மழையைப் பொறுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். மின்ட்டின் கோப்பு ஏறக்குறைய மூன்று ஜிபி. நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் இறக்கினால் ஆறு மணி நாற்பது நிமிடம். அரை மெகாபிட் என்றால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். நடுவில் அறுந்தால்? உலாவியில் சாதாரணமாக இறக்கினால் பல நேரம் மறுபடி முதலிலிருந்துதான். ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையில் இறக்குங்கள். டோரன்ட் முறை அதற்கு ஏற்றது. கோப்பைத் துண்டு துண்டாக வாங்கி, ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும். இரண்டு இரவு ஆனாலும் பாதகமில்லை. வேறு வழியில் இறக்கினால், வெளியிட்டவர்கள் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு கட்டாயம் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு பழுது. நான் ஒருமுறை இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு, பாதியில் நின்றுபோன பெட்டியின் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'சின்னக் கோப்புதான் நமக்கு நல்லது' என்று சிலர் டெபியனின் சிறிய நிறுவல் கோப்பை எடுப்பார்கள். அது சின்னதுதான். ஆனால் நிறுவத் தொடங்கியதும் மீதியை எல்லாம் இணையத்திலிருந்து இழுக்கும். பந்திக்கு இலை மட்டும் போட்டுவிட்டுச் சோற்றுக்கு டவுனுக்கு ஆள் அனுப்புகிற கதை. மெதுவான இணையம் உள்ளவர்கள் பெரிய முழுக் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை கஷ்டம், அப்புறம் இணையமே இல்லாமல் நிறுவலாம். அதைவிட நல்லது, ஒருவர் இறக்கி எல்லாருக்கும் கொடுப்பது. இது திருட்டுப் பிரதி அல்ல. கொடுக்கலாம் என்றே உரிமம் சொல்கிறது. டவுனில் வேலை செய்யும் பிள்ளைகள், பாலம் தாண்டிப் போய்வரும் பிள்ளைகள் ஒரு தம்டிரைவில் கொண்டுவந்தால் தோட்டத்துக்கே போதும்.

எட்டு ஜிபி தம்டிரைவில் அந்தக் கோப்பை வெறுமனே நகல் எடுத்துப் போட்டால் கணினி எழும்பாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும்போது தம்டிரைவில் இருந்தது அழிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியில் செருகி, மின்சாரம் போட்டவுடன் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில பெட்டிக்கு எஃப்9, சிலவற்றுக்கு எஸ்கேப். எதிலிருந்து எழும்புவது என்று கேட்கும், தம்டிரைவைக் காட்டுங்கள்.

அழகு இங்கேதான். வட்டில் எதையும் தொடாமல், தம்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடிக் காட்டும். பெண் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு சொல்வது போல. அவசரப்படாமல் எல்லாவற்றையும் சோதியுங்கள்: ஒலி வருகிறதா, திரை சரியா, வைஃபை பிடிக்கிறதா? பழைய மடிக்கணினிகள் சிலவற்றில் வைஃபை பிடிக்காது. அதன் சில்லுக்கான சிறு மென்பொருள் தனியாக வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அது வேண்டும்! கைப்பேசியை மின்னேற்றும் கம்பியால் கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்பில் யூஎஸ்பி வழி இணையப் பகிர்வைத் திறந்துவிடுங்கள். பெரும்பாலும் உடனே பிடித்துக்கொள்ளும். எல்லாம் திருப்தி என்றால் நிறுவுங்கள். அந்தக் கேள்வி வரும் இடத்தில் மட்டும் விரலை எடுத்துவிட்டு, பூக்கார அக்காவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவிய பிறகு 'புதுப்பிப்பு வந்திருக்கிறது' என்று அறிவிப்பு வரும். நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும். பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் தானாக இழுக்க விடாமல் நிறுத்தி வைத்து, மாதம் ஒருமுறையோ இருமுறையோ டவுனுக்குப் பெட்டியைக் கொண்டுபோய் நல்ல இணையத்தில் செய்துகொள்ளுங்கள். புது மென்பொருள் போடும்போது ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற இரண்டு வகைகளைத் தவிருங்கள்; சின்ன விளையாட்டுக்குக் கூடத் தன்னுடைய பரிவாரத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வரும். பிள்ளைகளுக்கு இன்னொன்று: 'கிவிக்ஸ்' என்று ஒரு மென்பொருள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, இணையமே இல்லாமல் தேடிப் படிக்கலாம். மழை நாளில் அலை போனாலும் பாடம் போகாது.

லினக்ஸை மந்திரம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து வேலை, கணக்கு அட்டவணை, படம் வரைதல், நிரல் எழுதப் பழகுதல் எல்லாம் நன்றாக ஓடும். லிபர் ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருள் மின்ட்டோடு கூடவே வரும். ஆசிரியர் அனுப்பும் வேர்ட் கோப்பு அதில் திறக்கும், ஆனால் கட்டங்கள் கொஞ்சம் இடம் மாறி நிற்கலாம். விண்டோசுக்கென்றே செய்த விளையாட்டுகள், சில அச்சுப் பொறிகள் மக்கர் பண்ணும். இன்றைய இணையப் பக்கங்கள் பெருத்துப் போயிருக்கின்றன. அவற்றை லினக்ஸ் இளைக்க வைக்காது. உலாவியில் பத்துப் பக்கம் திறந்து வைத்தால் பழைய பெட்டி மூச்சு வாங்கத்தான் செய்யும். பழைய சுழல் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி வட்டு ஒன்றைப் போட முடிந்தால், அந்தச் செலவு ஒன்று தான் நான் சிபாரிசு செய்யும் செலவு. மொத்தத் தவணைக் காசோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான்.

2020 ஏப்ரல் 8-ஆம் தேதி சிங்கப்பூரில் பள்ளிகளெல்லாம் வீட்டிலிருந்தே படிப்பு என்று ஆனது. பணக்கார ஊர் என்கிறோமே, அங்கேயும் மூன்று பிள்ளைக்கு ஒரு கைப்பேசி என்று இருந்த வீடுகள் அப்போதுதான் வெளியே தெரிந்தன. 'இஞ்சினியரிங் குட்' என்ற தொண்டு அமைப்பினர் பழைய மடிக்கணினிகளைக் கேட்டு வாங்கி, தொண்டர்களைக் கொண்டு பழுது பார்த்து, இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தார்கள். நானும் என் கடைவாசலில் எனக்குத் தெரிந்தவர்களுக்கு என்னால் ஆனதைச் செய்தேன். அப்போது பார்த்தது என்னவென்றால், பெட்டி கொடுத்த வீட்டைவிட, பெட்டியைப் பிள்ளையே ஏற்றப் பழகிய வீட்டில்தான் அது நெடுநாள் ஓடியது. கெட்டால் என்னிடம் வராமல் தானே பிரித்துப் பார்த்தார்கள்.

சரி, நேற்று இரவுக்கு வருவோம். பரணிலிருந்து இறக்கிய மடிக்கணினி பதினைந்து வயதுக்காரன். நாலு ஜிபி நினைவகம். காற்றோட்டத் துளையில் ஒரு குளவிக் கூடு. அதைத் தட்டிவிட்டுத்தான் மின்சாரமே போட்டோம். அந்தத் தம்பி என்னைப் பார்த்தார், "நீங்களே போட்டுக் கொடுத்துடுங்க மாமா" என்றார். நான் மகளைக் கூப்பிட்டேன். "நீ உட்காரும்மா, நான் கை வைக்க மாட்டேன், வாயால்தான் சொல்வேன்" என்றேன்.

முதலில் படங்களைத் தேடச் சொன்னேன். தம்பி சிரித்தார், "அதுல என்ன மாமா இருக்கப் போவுது" என்று. பிள்ளை திறந்தாள். அவருடைய அம்மா, போன வருடம் தவறிப்போன கிழவி, ஆயாக் கொட்டகைக்கு முன்னால் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற படம். வீட்டில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. எல்லாரும் கூடிவிட்டார்கள். அரை மணி நேரம் வேலை ஓடவில்லை. ஓட வேண்டாம் என்று நானும் பேசாமல் இருந்தேன். பிறகு தம்டிரைவில் எடுத்து, என் கணினியில் திறந்து காட்டிவிட்டுத் தொடங்கினோம்.

வைஃபை பிடிக்கவில்லை, கைப்பேசிக் கம்பி கை கொடுத்தது. எஃப்12-ஐப் பிடிக்க மூன்று தடவை தவறவிட்டாள், நாலாவதில் பிடித்தாள். நிறுவல் முடிந்து தம்டிரைவை எடுத்துவிட்டு எழுப்பியபோது மணி பதினொன்றரை. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, திரை வந்துவிட்டது. தமிழ் 99-ஐப் போட்டுக் கொடுத்தேன். முதலில் தன் பெயரை அடிப்பாள் என்று பார்த்தேன். பாட்டி பெயரை அடித்தாள். தம்பி கையெழுத்துப் போடப் போகிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. விடிகாலையில் பெரட்டுக்குப் போகும்போது திண்ணையில் நின்று, "மாமா, அந்த எஸ்எஸ்டி என்னா விலை வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெரியோர்களே, நான் மூன்று தம்டிரைவ் கொண்டுவந்திருக்கிறேன். மூன்றிலும் மின்ட்டும் லுபுண்டும் இருக்கின்றன. ஒன்று தலைமையாசிரியரிடம் இருக்கும், இரண்டு தோட்டத்திலேயே சுற்றட்டும். பரிசு கொடுத்து முடிந்ததும் சாமான் அறையின் ஆறு கணினிகளை ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இந்த மண்டபத்துக்குத் தூக்கி வர வேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று. வீட்டுப் பரணில் கிடப்பதையும் கொண்டுவரலாம். மாலை ஆறு மணிப் பேருந்துக்கு நான் போக வேண்டும், அதுவரை இருப்பேன். பெட்டியோடு வருகிறவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்து வாருங்கள், படங்களைப் பார்க்க ஆள் வேண்டும்.